கூட ஒருத்தி வந்தால் சிகிச்சை பாதியில் நிற்காது

(மாதர் பிரிவின் ஒக்டோபர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கூட்டங்களில் சம்பளம் பேசுகிறோம், காணி பேசுகிறோம், வீடு பேசுகிறோம். இன்று நாங்கள் பேச வந்திருப்பது மார்பகப் புற்றுநோயைப் பற்றி. இந்தப் பெயரை ஒலிவாங்கியில் சத்தமாகச் சொல்வதே சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். லயத்தில் இதை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "அந்த வருத்தம்" என்றுதான் சொல்கிறார்கள். அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். பெயர் சொல்லவே கூசுகிற வருத்தத்துக்கு உதவி கேட்பது எப்படி? அதனால் முதலில் பெயரைச் சொல்லிப் பழகுவோம்.

நாங்கள் வைக்க வந்த கோரிக்கை ஒன்றுதான். நமது தோட்டங்களில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுடைய சிகிச்சை முடியும் நாள் வரை, அதே சிகிச்சையை முடித்து வந்த இன்னொரு பெண் அவளுக்குத் துணையாக இருக்க வேண்டும். அந்தத் துணையை ஏற்பாடு செய்வது சங்கத்தின் வேலையாக இருக்க வேண்டும். அது ஏன் தேவை, எப்படிச் செய்வது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறோம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே இது ஒருத்தியுடைய தலையெழுத்தோ, யாரோ வைத்த செய்வினையோ, போன பிறவிப் பாவமோ அல்ல. தொற்றுகிற நோயும் அல்ல. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது, பிள்ளையைத் தூக்கினால் வராது. ஆண்களுக்கும் வரும். நோயாளிகள் நூறு பேரில் ஒருவர் ஆணாக இருக்கலாம்.

நமது பெண்கள் அதிகமாக ஏமாந்துபோவது ஒரு விஷயத்தில்தான். "கட்டி இருக்கு, ஆனா வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்று இருந்துவிடுகிறார்கள். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு வலிதான் அளவுகோல். இடுப்பு வலித்தால் டிஸ்பென்சரிக்குப் போவோம், கால் வீங்கினால் போவோம். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பேரை இழக்க மனம் வராது. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் தொடங்குகிறது. மார்பில் அல்லது அக்குளில் கட்டி, தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழுதல், தோல் தோடம்பழத் தோல் போலத் தடித்தல், காம்பு உட்புறம் இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத புண். இவற்றில் எதைக் கண்டாலும் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். பக்கத்துக் காம்பரா ஆச்சி அல்ல.

20 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மாதம் ஒரு முறை, மாதவிடாய் முடிந்து சில நாட்களில், தங்கள் மார்பைத் தாங்களே தடவிப் பார்க்க வேண்டும். 35 வயதானவர்களுக்குச் சுவநாரி கிளினிக் இருக்கிறது. 1996ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் நடக்கிறது, காசு இல்லை. மார்பைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்தையும் பரிசோதிப்பார்கள், பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள். எந்த நாளில் எங்கே நடக்கிறது என்பதை மிட்வைப் அம்மாவிடம் கேட்டால் சொல்வார்.

இனி நாங்கள் பேச வந்த விஷயத்துக்கு வருவோம்.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு தொடங்குகிற பயணம் நீளமானது. ஒப்பரேஷன் இருக்கிறது. கீமோ என்று சொல்கிற ஊசி மருந்து இருக்கிறது. கரண்ட் வைப்பது என்று நமது ஆட்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சை இருக்கிறது. அதன் பிறகு பலருக்குத் தினமும் ஒரு குளிசை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ. எல்லோருக்கும் எல்லாம் வராது, ஒழுங்கும் ஆளுக்கு ஆள் மாறும். இதையெல்லாம் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகத் தருகிறார்கள். மகரகமவில் தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அபேக்ஷா என்று பெயர், எதிர்பார்ப்பு என்று அர்த்தம். கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. இந்த நாட்டின் இலவச மருத்துவம் உழைக்கும் மக்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து. அதைக் காப்பதும் சங்கத்தின் கடமைதான்.

அப்படியிருக்க நமது பெண்களின் சிகிச்சை ஏன் பாதியில் நிற்கிறது?

கணக்கைப் பாருங்கள். பலருக்கு 21 நாட்களுக்கு ஒரு முறை என்று எட்டு முறை கீமோ ஏற்றுகிறார்கள். அதுவே கிட்டத்தட்ட ஆறு மாதம். போய்வர ஒரு நாளோ இரண்டு நாளோ, மருந்தின் களைப்புத் தீர மிச்ச நாட்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை என்று வையுங்கள். வாரத்துக்கு 6 பேர், எட்டு முறைக்கு 48 பேர். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் அறிவித்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தாலே 64,800 ரூபா போய்விட்டது. இதில் பஸ் காசு இல்லை, கடைச் சாப்பாடு இல்லை, கூட வருகிறவரின் பேரும் இல்லை. கதிர்ச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள் என்று மூன்று வாரம், சிலருக்கு ஐந்து வாரம். தினமும் மலையிலிருந்து இறங்கிப் போய்வர முடியாது. எங்காவது தங்க வேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பது?

நாங்கள் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். இந்த நோய் லயத்துக்குள் வந்தது சில நேரம் எங்களுக்கு முதலில் தெரிவது வகுப்பறையில்தான். சாதாரண தரம் படிக்கிற பெண்பிள்ளை திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய் வரவில்லை. வந்தாலும் பாடம் நடக்கும்போது தலை சாய்கிறது. விசாரித்தால், அம்மா வைத்தியசாலையில். தம்பிக்குச் சோறாக்குவது, தண்ணீர் பிடிப்பது, பாட்டியைப் பார்ப்பது எல்லாம் இந்தப் பிள்ளையின் தலையில். அம்மாவின் நோய் பிள்ளையின் பரீட்சையையும் கொண்டுபோகிறது. பிள்ளையின் பரீட்சையை நினைத்தே சில அம்மாமார் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். "நான் போனாலும் பரவாயில்ல டீச்சர், அவ பாஸாகட்டும்" என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார்கள்.

காசும் தூரமும் மட்டும் காரணம் அல்ல. வெட்கமும் காரணம். நம்மில் பலர் குளிப்பது பீலியில். நாலு பேரோடு சேர்ந்து பாவாடையைக் கட்டிக்கொண்டு குளிக்கிற இடம். ஒரு மார்பை எடுத்துவிட்டு வந்தவள் அந்தப் பீலிக்கு மறுபடி போவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று ஆண் தோழர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவள் பகலில் குளிப்பதை விட்டுவிடுகிறாள். பிறகு கோயிலுக்குப் போவதை விடுகிறாள், கல்யாண வீட்டுக்குப் போவதை விடுகிறாள். தலைமுடியும் கொட்டிய பிறகு காம்பராக் கதவே திறப்பதில்லை. அந்த நேரத்தில் யாராவது வந்து, "இந்த இங்கிலீஷ் மருந்துதான் ஆளைக் கொல்லுது, விட்டுட்டு நாட்டு மருந்து பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கிளினிக் நாள் தவறிப்போகும்.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. மூன்று முறை மருந்து ஏற்றியிருந்த ஒரு தங்கச்சி நான்காவது முறைக்குப் போகவில்லை. புருஷன் சொல்லியும் கேட்கவில்லை, மிட்வைப் அம்மா வந்து சொல்லியும் கேட்கவில்லை. நாங்களும் போய்ச் சொன்னோம். மரியாதைக்குத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். பிறகு வேறு டிவிஷனிலிருந்து ஒரு அக்காவைக் கூட்டிப்போனோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சிகிச்சையை முடித்தவர். அந்த அக்கா புத்தி ஒன்றும் சொல்லவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்தார், தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். பிறகு தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, "எனக்கும் ஒரு முடி இல்லாமத்தான் போச்சு புள்ள. இழுத்துப் பாரு, ஒட்டு முடி இல்ல" என்றார். அந்தத் தங்கச்சி உண்மையாகவே இழுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மிச்சம் இருந்த ஐந்து முறையும் முடிந்தது.

வைத்தியருக்கு இல்லாத ஒன்று அந்த அக்காவுக்கு இருந்தது. அதை அனுபவித்த உடம்பு இருந்தது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண் மார்பக ஒப்பரேஷன் செய்துகொண்ட பிறகு 1952இல் ஒரு வேலையைத் தொடங்கினார். அதே ஒப்பரேஷன் செய்த மற்றப் பெண்களை வைத்தியசாலைக் கட்டிலருகில் போய்ப் பார்த்தார். கையை எப்படி அசைப்பது, எப்படி உடுத்துவது, வீட்டில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில் சில வைத்தியர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. அந்த அம்மா செய்தது நமக்குத் தெரியாத காரியமா? தலைப்பிள்ளைக்காரியின் பக்கத்தில் நாலு பிள்ளை பெற்றவள் போய் உட்காருவது நமது வழக்கம்தானே? புதிதாக மலைக்கு வருகிறவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்கிற அக்கா கொழுந்து எடுக்கக் காட்டிக்கொடுப்பது வழக்கம்தானே? அதே வழக்கத்தைத்தான் இந்த நோய்க்கும் கொண்டுவரச் சொல்கிறோம்.

கூட வருகிறவள் என்ன செய்வாள்? நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

வழி காட்டுவாள். கொழும்புக் கோட்டையில் இறங்கி மகரகமவுக்கு 138 இலக்க பஸ் எடுக்க வேண்டும், கிளினிக் கொப்பியையும் ரிப்போர்ட்டுகளையும் நனையாமல் ஒரே பையில் வைக்க வேண்டும், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு முறை போனவளுக்குத்தான் தெரியும்.

பயத்தைத் தணிப்பாள். கீமோ மருந்துகளில் ஒன்று சிவப்பாக இருக்கும். அதை ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். தெரியாதவள் இரத்தம் போகிறது, சாகப்போகிறேன் என்று நினைப்பாள். தெரிந்தவள், "அது மருந்துக் கலர், ரெண்டு நாள்ல போயிரும்" என்பாள். இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கிடைக்கும்.

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவும் சொல்லிக்கொடுப்பாள். கீமோ நடக்கிற காலத்தில் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்திருக்கக் கூடாது. உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸ், அதாவது பரனைட்டில் 100.4, அந்த அளவுக்கு ஏறினால் நடுச்சாமம் என்றாலும் கிட்டிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டி, கீமோ எடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்தால் உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணத் தொற்றும் உயிரை எடுத்துவிடும். நடுச்சாமத்தில் வாகனம் கொடுக்க வேண்டியது யார் என்பது தோட்டக் கமிட்டிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மொழிக்குத் துணையாக இருப்பாள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசாங்க வைத்தியசாலையில் தமிழில் கேட்பது நமது உரிமை. ஆனால் பெரிய வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்தவர் எல்லா நேரமும் பக்கத்தில் இருப்பதில்லை. தலையாட்டிவிட்டு வந்து, என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் குளிசையை வைத்துக்கொண்டு முழிக்கிற நிலைமை நமது பெண்களுக்கு வரக் கூடாது. இரண்டு காது கேட்பதை நாலு காது கேட்டால் நல்லது.

வெட்கத்தையும் பங்குபோட்டுக்கொள்வாள். எங்கள் பெண்கள் சிலர் பருத்தித் துணியில் பஞ்சு அடைத்து, புண் நன்றாக ஆறிய பிறகு உள்ளாடைக்குள் வைக்கும் பட்டை தாங்களே தைக்கிறார்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி அளவு எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சிரிக்கிற சிரிப்பைக் கேட்க வேண்டும். பீலிக்கு இரண்டு பேராகப் போகிறார்கள். இரண்டு பேராகப் போனால் யாரும் வெறித்துப் பார்ப்பதில்லை.

அவள் செய்யக் கூடாதவையும் உண்டு. வைத்தியம் சொல்லக் கூடாது. "எனக்கு இந்தக் குளிசை கொடுத்தாங்க, உனக்கு ஏன் கொடுக்கல?" என்று கேட்கக் கூடாது. ஒரே பெயர் கொண்ட நோயிலும் வகைகள் உண்டு, மருந்து மாறும். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆகலாம். அழுகிறவளை அழாதே என்று அடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு காம்பராவில் பேசினால் ஆறு காம்பராவுக்குக் கேட்கும். அதனால்தான் துணை வருகிறவள் வேறு டிவிஷனிலிருந்தோ பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ வருவது சில நேரம் நல்லது என்கிறோம். இரகசியத்தைக் காப்பாற்ற முடியாதவரை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். நோயாளி விரும்பாவிட்டால் துணையைத் திணிக்கவும் வேண்டாம். இன்று வேண்டாம் என்றவள் அடுத்த மாதம் கேட்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட இருந்தும் நாங்கள் ஒரு பெண்ணை இழந்திருக்கிறோம். நோய் பரவிய பிறகுதான் அவர் வைத்தியசாலைக்குப் போனார். கடைசி மாதங்களில் எங்கள் பெண்கள் முறை போட்டு அவர் காம்பராவுக்குப் போனார்கள். கால் பிடித்துவிட்டார்கள், தலை துவட்டிவிட்டார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவை யார் பார்ப்பது என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினார்கள். அவர் போன பிறகு, துணைக்குப் போன பெண்களே ஆடிப்போனார்கள். அடுத்தது நானோ என்ற பயம் ஒவ்வொருவருக்கும் வந்தது. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஒருத்திக்கு ஒருத்தி துணை என்பது போதாது. துணைக்குப் போகிறவளுக்கும் துணை வேண்டும். அதனால் மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் ஓர் இடத்தில் கூடுகிறார்கள். பேச விரும்புகிறவர் பேசுகிறார், பேச விரும்பாதவர் தேத்தண்ணி ஊற்றுகிறார். அந்தப் பெண்ணின் மூத்த மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள். லயம் லயமாகப் போய்ச் சுவநாரி கிளினிக் நாளைச் சொல்கிறவள் அவள்தான்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். இது பெண்கள் விஷயம், ஆஸ்பத்திரி விஷயம் என்கிறார்கள். தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம் கிடைத்தது 1984இல்தான். போராடித்தான் கிடைத்தது. ஒரு காலத்தில் பெண்கள் விஷயம் என்று ஒதுக்கியதெல்லாம் பிறகு சங்க விஷயமாகித்தான் தீர்ந்திருக்கிறது. கொழுந்து எடுக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். சந்தா அவர்கள் சம்பளத்திலிருந்தும்தான் வெட்டப்படுகிறது.

அந்தக் கைகளைப் பற்றியே ஒரு விஷயம் இருக்கிறது. ஒப்பரேஷனில் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை பிற்காலத்தில் வீங்க வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கையில் சிறிய கீறல் பட்டாலும் தொற்று ஏறிவிடலாம். இப்போது நமது வேலையை நினைத்துப் பாருங்கள். தேயிலை வாது கையைக் கிழிக்கும், அட்டை கடிக்கும், குளவி கொட்டும். நாள் முழுக்கக் கையை நீட்டி நீட்டி எடுக்க வேண்டும். கொழுந்து நிறைந்த சாக்கின் பாரம் வேறு. சிகிச்சை முடிந்தது என்பதற்காக அடுத்த வாரமே அவளைப் பழைய நிரையில் நிறுத்தி, பழைய கிலோ கேட்டால் அது நியாயமா? கிலோ குறைந்தால் அரைப்பேர் என்கிறார்கள். நோயோடு போராடி மீண்டு வந்தவளுக்குத் தோட்டம் கொடுக்கிற பரிசு அரைப்பேர்தானா? வைத்தியரின் கடிதத்தின் படி தவறணையிலோ பிள்ளைக்காம்பராவிலோ வேறு இலகுவான வேலையிலோ முழுப்பேரோடு வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தனியாகப் போய்க் கேட்டால் துரை ஒரு சொல்லில் முடித்துவிடுவார். சங்கமாகக் கேட்டால் முடிக்க முடியாது.

காசுக்கும் சில வழிகள் இருக்கின்றன. ஈ.பி.எப். பணத்தில் 30 சதவீதத்தை மருத்துவச் சிகிச்சைக்காக ஓய்வுக்கு முன்னரே எடுக்க 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. குறைந்தது 10 வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டால் புற்றுநோயாளர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பத்தையும் இப்போது கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். படிவம் நிரப்புவது எங்கள் வேலை. ஆசிரியர்கள் நாங்கள் எதற்கு இருக்கிறோம்? ஞாயிற்றுக்கிழமைகளில் படிவங்களோடு வாருங்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவிக்கு நோய் வந்ததும் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஆட்களையும் கண்டிருக்கிறோம். மனைவிக்காகச் சமையல் பழகி, பிள்ளைக்குத் தலை பின்னிப் பாடசாலைக்கு அனுப்பிய ஆட்களையும் கண்டிருக்கிறோம். அந்தப் பின்னல் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை ஒரு நாளும் தவறாமல் வந்தது. இரண்டாவது மாதிரியான ஆண்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் மற்ற ஆண்களுக்குத் துணையாகப் போகலாம்.

இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து விஷயங்களை வைக்கிறோம். தீர்மானமாக எடுக்க வேண்டுகிறோம்.

ஒன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் சிகிச்சையை முடித்த பெண்களில் விருப்பமுள்ளவர்களை மட்டும் மாதர் சங்கத் தலைவி அறிந்து வைத்திருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் அவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

இரண்டு. நோய் கண்ட பெண்ணுக்கு முதல் கிளினிக்குக்கும் முதல் கீமோவுக்கும் கட்டாயம் ஒரு துணை. துணைக்குப் போகிறவரின் பஸ் காசும் அன்றைய பேரும் சங்க நிதியிலிருந்து.

மூன்று. சுவநாரி கிளினிக் நாளில் போகிறவர்களுக்குப் பேர் வெட்டக் கூடாது என்று ஒவ்வொரு தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும்.

நான்கு. சிகிச்சை முடித்துத் திரும்புகிறவர்களுக்கு முழுப்பேருடன் இலகுவான வேலை. அடுத்த பேச்சுவார்த்தையில் இது நமது கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஐந்து. அம்மா சிகிச்சையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடமும் ஒரு நேரச் சாப்பாடும். பாடத்துக்கு நாங்கள் பொறுப்பு. சாப்பாட்டுக்கு லயத்துக்கு ஒரு வீடு முன்வர வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு உடனே போய்விடாதீர்கள். மண்டபத்தின் பின்பக்கம், யன்னல் ஓரத்தில் சில அக்காமார் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சிகிச்சையை முடித்தவர்கள். அவர்களைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடப்போவதில்லை, அது அவர்கள் விருப்பம். உங்களில் யாருக்காவது உடம்பில் ஒரு சந்தேகம் இருந்தால், பக்கத்து வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், அவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். தேத்தண்ணியும் அங்கேதான் இருக்கிறது.